கால் ரிப்போர்ட்டில் இல்லாத கட்டம்

சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன் என்று சொன்னால் எங்கள் குடியிருப்பில் பலர் ஏசி பார்க்கிறவர் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கம்ப்யூட்டர் என்று விளக்கிய பிறகு தினமும் யாராவது ஒருவர் வருகிறார். போன் ஸ்லோவாக இருக்கிறது, டிவியில் யூட்யூப் வரவில்லை, பிரின்டர் பேப்பரை இழுக்கமாட்டேன் என்கிறது. எனக்கும் பொழுது போகிறது.

1987-ல் மதுரையில் வேலைக்குச் சேர்ந்தேன், 2021-ல் ஓய்வு பெற்றேன். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய ரெக்ஸின் பையில் நாலைந்து கால் ரிப்போர்ட் புத்தகங்கள் கிடைத்தன. இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புகார் வந்து ஓர் இடத்துக்குப் போவதை நாங்கள் "கால்" என்போம். வேலை முடிந்ததும் ஒரு தாளை நிரப்பி வாடிக்கையாளரிடம் கையெழுத்தும் சீலும் வாங்க வேண்டும். நடுவில் கார்பன் வைத்து மூன்று பிரதி. மெஷின் நம்பர், புகார் வந்த நேரம், நாம் போய்ச் சேர்ந்த நேரம், கோளாறு என்ன, எந்தப் பாகம் மாற்றினோம், முடித்த நேரம், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அந்த மெஷினுக்குள் என்ன இருந்தது என்று எழுத மட்டும் எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. அத்தனை வருடம் எழுதியும் அது என் கண்ணில் பட்டதில்லை.

அப்படி ஒரு கட்டம் ஏன் இல்லாமல் போனது என்று யோசித்ததில் எழுதியதுதான் இது.

நம் நாட்டில் கம்ப்யூட்டர் வரலாறே பராமரிப்பில் ஆரம்பித்தது என்று சொல்லலாம். 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. அவர்கள் விட்டுச்சென்ற மெஷின்களைக் கட்டிக் காக்கும் பொறுப்பை மத்திய அரசின் சிஎம்சி ஏற்றது. அதன் விரிவே கம்ப்யூட்டர் மெயின்டெனன்ஸ் கார்ப்பரேஷன். புது மெஷின் கிடைப்பது அரிது, இருப்பதை ஓட்ட வேண்டும் என்ற காலம். 1984 நவம்பரில் புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்து இறக்குமதிக் கெடுபிடி தளர்ந்தது. அதன்பிறகுதான் பிசி என்ற சிறிய பெட்டி மதுரை, விருதுநகர், ராஜபாளையம் வரை வந்தது. அந்த அலையில் வேலைக்கு வந்தவர்கள் நாங்கள்.

பெட்டிதான் சிறியது, விலை சிறியதல்ல. ஒரு பிசி எக்ஸ்டியின் விலை என் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டும். அதனால் அதற்கு நடந்த மரியாதையே தனி. ஏசி அறை, தரையில் லினோலியம், வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். மில் முதலாளியே வெறுங்காலோடு உள்ளே வருவார். மெஷினுக்கு ஒரு துணி உறை, அதைத் தைக்கத் தனி டெய்லர். மின்சாரம் எங்களுக்குப் பெரிய தலைவலி. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்ப்போம். இரண்டு மூன்றைத் தாண்டினால் மெஷினை ஆன் செய்ய விடமாட்டோம். கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டச் சொல்வோம். கோடையில் போகும்போது, "எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துறீங்களா?" என்று கேட்பது என் வழக்கம். வாழைக்கு ஊற்றுகிறார்களோ இல்லையோ, குழிக்கு ஊற்றுவார்கள்.

அப்புறம் பல்லி. கம்ப்யூட்டருக்கு எது எதிரி என்று கேட்டால் இன்று வைரஸ் என்பார்கள். எங்கள் பக்கம் பல்லிதான். கதகதப்பு தேடி பவர் சப்ளைக்குள் போய் இரண்டு முனையில் கால் வைத்து, தானும் கருகி அதையும் கருக்கிவிடும். அடுத்தது எலி. கேபிளைக் கடித்துக் குதறி, அதை வைத்தே மதர்போர்டு மேல் கூடு கட்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்களுக்குத் தனி சீசன். கீபோர்டு இடுக்கில் குங்குமம், பிளாப்பி நுழைக்கும் வாயில் விபூதி, மானிட்டர் கண்ணாடியில் சந்தனம். ஒரு ஆபீசில் பக்தி மிகுந்து யுபிஎஸ் மேல் எலுமிச்சம்பழம் நசுக்கியிருந்தார்கள்.

எங்கே போனாலும் முதல் கேள்விக்குப் பதில் ஒன்றுதான்.

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலை சார்."

இளவயதில் இதைக் கேட்டு எரிச்சல்படுவேன். ஏதோ ஒரு பட்டனைத் தட்டிவிட்டு மறைக்கிறார்கள் என்று தோன்றும். பிறகுதான் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. மெஷின் கெட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்பது ஒன்று. இது நல்லபடி ஓடினால் நம் வேலை போய்விடுமோ என்பது இன்னொன்று. வங்கிகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வைப்பதற்கே 1983-ல் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் பேசி உடன்பாடு போட வேண்டியிருந்தது. கெட்டாலும் பயம், ஓடினாலும் பயம். நடுவில் உட்கார்ந்திருந்த கிளார்க் வேறு என்ன சொல்வார்?

அந்தக் காலத்தில் ஹார்டு டிஸ்க் என்பது 10 அல்லது 20 எம்பி. இன்று செல்போனில் எடுக்கும் சில படங்களுக்கே காணாது. நகர்த்துவதற்கு முன் "பார்க்" என்று ஒரு கட்டளை கொடுத்து அதன் ஹெட்டை ஓரமாக நிறுத்த வேண்டும். மறந்துவிட்டுத் தூக்கினால் வட்டில் கீறல் விழலாம். கோளாறு முற்றினால் டிபக் என்ற புரோகிராமுக்குள் போய் ஜி=சி800:5 என்று அடிப்போம். லோ லெவல் பார்மேட் ஆரம்பிக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எந்தெந்தத் தடம் பழுது என்று எழுதியிருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது டிஸ்க் பிறந்த குழந்தை மாதிரி சுத்தமாக இருக்கும்.

உள்ளே இருந்ததெல்லாம் போயிருக்குமே என்று கேட்பீர்கள். போனதுதான். யாரும் எங்களைத் திட்டவில்லை. ஏனென்றால் அலமாரியில் பேரேடு இருந்தது. சம்பளப் பட்டியலை 132 எழுத்து அகலத் தாளில் பிரின்ட் எடுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். கிளார்க் இரண்டு நாள் உட்கார்ந்து திரும்ப ஏற்றிவிடுவார். கம்ப்யூட்டரில் இருந்தது நகல், அசல் காகிதத்தில் இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் அச்சடித்த தாள்தான் எங்கள் கால் ரிப்போர்ட். மெஷின் ஓடுகிறதா, எவ்வளவு நேரத்தில் ஓட வைத்தோம் என்பது மட்டும்தான் அதில் கேள்வி. என்னைப் பழக்கிய சீனியரும் அதையே சொன்னார்: "மெஷின் கெளம்பிடுச்சா, கையெழுத்து வாங்கு, பஸ்ஸப் பிடி."

வைரஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 1986-ல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய "பிரெயின்" வைரஸ் 360 கேபி பிளாப்பியின் முதல் செக்டாரில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் அவர்களுடைய முகவரியும் தொலைபேசி எண்ணும்கூட இருந்தன. அது மாதிரி வைரஸ்கள் ஊர் ஊராகப் போனதற்கு நாங்களும் காரணம். ஒரே டயக்னாஸ்டிக் பிளாப்பியைக் காலையில் மில்லிலும் மத்தியானம் வங்கியிலும் போடுவோம். பிளாப்பியின் ஓரத்து வெட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால் அதில் எதுவும் எழுத முடியாது, வைரஸும் ஏறாது. அவசரத்தில் அதைப் பிய்த்துவிடுவோம். மலேரியாவுக்குக் கொசு போல அந்த வைரஸ்களுக்கு நாங்கள் இருந்தோம்.

90-களின் நடுவில் எல்லாம் மாறியது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாகங்களை வாங்கி வந்து இங்கேயே அசெம்பிள் செய்ய ஆரம்பித்தார்கள். விலை இறங்கியது, வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் வந்தது. செருப்போடு மெஷின் பக்கத்தில் போகலாம் என்று ஆயிற்று. 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. சிவகாசி அச்சகங்களில் அச்சுக் கோப்பவர்கள் உட்கார்ந்த இடத்தில் டிடிபி மெஷின் உட்கார்ந்தது. தமிழ் எழுத்துருவில் ஆளுக்கொரு முறை. ஓர் அச்சகத்தில் அடித்ததை அடுத்த அச்சகத்தில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் ஒரு பொதுத் தரம் பேசியது. ஆனாலும் பழைய கோப்புகள் பழைய மாதிரிதான் இருந்தன.

இந்த மாற்றங்களுக்கு நடுவே ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. பேரேடு எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு" என்ற வார்த்தையை அப்போதுதான் கேட்க ஆரம்பித்தேன். அசல் எப்போது காகிதத்தை விட்டுப் பெட்டிக்குள் போனது என்று யாரும் தேதி குறித்து வைக்கவில்லை.

கூடவே ஒரு கணக்கு. 20 எம்பி டிஸ்க்கை 360 கேபி பிளாப்பியில் பேக்கப் எடுக்கச் சுமார் 60 பிளாப்பி வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு சனிக்கிழமையில் முடியும். 1999-ல் வந்த 4.3 ஜிபி டிஸ்க்கை 1.44 எம்பி பிளாப்பியில் எடுக்க வேண்டுமென்றால் சுமார் 3,000 பிளாப்பி. சிடி ரைட்டர் பணக்கார ஆபீஸ்களில்தான் இருந்தது. டிஸ்க் வளர்ந்த வேகத்துக்கு அதைப் பிரதி எடுக்கும் வழி வளரவில்லை. வாடிக்கையாளர்கள் சோம்பேறிகள், அதனால்தான் பேக்கப் எடுக்கவில்லை என்று நாங்கள் கேலி பேசுவோம். இந்தக் கணக்கைப் பார்த்தால் அது நியாயமில்லை.

1999 ஏப்ரல் 26 திங்கட்கிழமை. சிஐஎச் என்ற வைரஸ் வெடித்த நாள். தைவான் மாணவர் ஒருவர் எழுதியது, அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் வைரஸின் பெயர். செர்னோபில் அணு உலை விபத்து நடந்த அதே தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் சொன்னார்கள். விண்டோஸ் 95, 98 மெஷின்களில் மாதக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருந்து, அந்தத் தேதியில் டிஸ்க்கின் முதல் ஒரு எம்பி பகுதியை அழித்தது. சில மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பையும் அழித்தது. அந்த மெஷின்கள் ஆன் செய்தால் விசிறி மட்டும் சுற்றும். அந்த வாரம் நாங்கள் வீட்டில் தூங்கியது குறைவு.

புதன்கிழமை அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் ஊருக்குப் போனேன். எங்கள் வாடிக்கையாளரான ஒரு மில்லின் மேனேஜர் சொல்லி அனுப்பியது. வீட்டுக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர், முன்னாள் கர்ணம். 1980 நவம்பரில் அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டுக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தபோது வேலை இழந்தவர். பெங்களூரில் இருந்த மகன் வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து ஏதோ கேம்ஸ் சிடி போட்டிருக்கிறார்கள்.

மெஷினை ஆன் செய்தேன். பயாஸ் தப்பித்திருந்தது. டிஸ்க்கில் பார்ட்டிஷனே இல்லை என்று வந்தது. அன்று அது நான் பார்த்த ஆறாவது மெஷின். எப்டிஸ்க் போட்டுப் புதிதாகப் பார்ட்டிஷன் பிரித்து, பார்மேட் செய்து, விண்டோஸ் 98-ஐ ஏற்றினேன். இரண்டு மணி நேரம். பெரியவர் மோர் கொடுத்தார். மெஷின் கிளம்பியதும் கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "தம்பி, கண்மாய்க் கணக்கு எங்கன இருக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சொன்னார். அந்தச் சுற்று வட்டாரத்துக் கண்மாய்கள் ஒவ்வொன்றுக்கும் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, எத்தனை மடை, ஒவ்வொரு மடைக்கும் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் என்ன, எந்தக் கலுங்கு பாய்ந்தால் அடுத்து எந்தக் கண்மாய் நிறையும், எந்த வருடம் எந்தக் கரை உடைந்தது. அடங்கல் எழுதிய காலத்தில் கேட்டும் நடந்து பார்த்தும் நோட்டில் குறித்து வைத்ததை ஒரு வருடமாக ஒவ்வொரு விரலாகத் தட்டி ஏற்றியிருக்கிறார்.

"நோட்டு இருக்குல்ல ஐயா?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டுட்டேன் தம்பி."

"வைரஸ் தின்னுருச்சு ஐயா, ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். பொய் சொல்வதாக நினைக்கவில்லை. அப்படித்தான் நம்பினேன். பஸ்ஸைப் பிடித்தேன்.

ஒரு வாரம் கழித்து மதுரை ஆபீசில் எங்கள் பையன் ஒருவன் இன்டர்நெட்டிலிருந்து ஒரு சின்ன புரோகிராமை இறக்கி வந்தான். சிஐஎச் அழித்தது முதல் ஒரு எம்பியைத்தான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியலை விண்டோஸ் டிஸ்க்கில் இரண்டு பிரதியாக வைத்திருக்கும். 4 ஜிபி டிஸ்க்கை ஒரே சி டிரைவாக எப்ஏடி32 முறையில் வைத்திருந்தால் ஒரு பிரதியே 4 எம்பி அளவு வரும். அப்போது முதல் பிரதியின் தலைதான் போயிருக்கும், இரண்டாவது பிரதி முழுசாக இருக்கும். அதை வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம், இடையில் யாரும் பார்மேட் செய்யாமல் இருந்தால்.

பெரியவரின் மெஷினில் 4.3 ஜிபி டிஸ்க், ஒரே சி டிரைவ். கால் ரிப்போர்ட்டில் என் கையாலேயே எழுதியிருந்தேன். அழித்தது வைரஸ் இல்லை, நான்.

அடுத்த ஞாயிறே ஓடிப் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான்கு மாதம் ஆனது. போய்ச் சொன்னேன். டிஸ்க்கைக் கழற்றி மிச்சம் மீதியைத் தேடியும் பார்த்தேன். விண்டோஸ் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பழைய எழுத்துரு என்பதால் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடவும் முடியவில்லை. ஏழெட்டுப் பக்கத்துக்கு அறுந்த வரிகள் கிடைத்தன.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் உத்தியோகமும் ஒரே ராத்திரில போனதுதான்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரைச் சரி பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அன்றே பிரின்ட் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மறுபடி நினைவிலிருந்து எழுதினார். கண்மாய்கள் பாதிக்கு மேல் வந்தன. மடைப் பெயர்கள் பல வரவில்லை. அவற்றைச் சொன்ன மடைக்குடும்பர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அதன்பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி மாறியது. "கடைசியா என்ன பண்ணீங்க?" என்பதை விட்டுவிட்டு, "உள்ள என்ன வச்சிருக்கீங்க? வேற எங்கயாச்சும் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தேன். எனக்குக் கீழே வந்த பையன்களையும் கேட்க வைத்தேன். கால் முடிய நேரமாகிறது என்று மேலே புகார் போனது. கம்பெனியும் சில வருடம் கழித்துத் தாளை மாற்றியது. புதுத் தாளில் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது: டேட்டா இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல. கேள்வி கேட்கும் கட்டம் வரவில்லை, கைகழுவும் வரிதான் வந்தது.

2000-க்குப் பிந்தைய கதை உங்களுக்கே தெரியும். மதர்போர்டு கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்த சில வருடங்கள், பென் டிரைவ், லேப்டாப், கடைசியில் செல்போன். திருப்புளியால் திறக்க முடியாத பெட்டிகள் வந்தன. பல்லியும் எலியும் தோற்றுப்போயின. மெஷின் விலை இன்று ஒரு மாதச் சம்பளத்துக்கும் கீழே. உள்ளே இருப்பதற்குத்தான் விலை சொல்ல முடியவில்லை.

சமீபத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு தங்கச்சி, கணவர் இறந்து இரண்டு மாதம், அவருடைய செல்போனைக் கொண்டுவந்தாள். போன் நன்றாக இருக்கிறது. பேட்டர்ன் லாக் என்ன என்று அவளுக்குத் தெரியாது. கூகுள் பாஸ்வேர்டும் தெரியாது.

"கடைல குடுத்தா ஐந்நூறு ரூபாய்க்கு ரீசெட் பண்ணித் தர்றேங்கிறாங்க அண்ணே. பையன் யூஸ் பண்ணிக்குவான்."

"ரீசெட் பண்ணா போன் ஓடும்மா. உள்ள இருக்கிறது போயிரும். என்ன இருக்கு அதுல?"

கொஞ்சம் யோசித்தாள். போட்டோ இருக்கும் என்றாள். பிறகு, பேசிப் பேசி அனுப்புவாரே, அந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கும் என்றாள். மெமரி கார்டைக் கழற்றிப் போட்டோக்கள் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். மற்றதை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை, தெரியாது என்று சொன்னேன். அவள் போனில் அவர் அனுப்பியவை இருக்குமே என்று தேடி, இருந்ததை வேறு இடத்திலும் பிரதி எடுத்து வைத்தோம்.

ரீசெட் செய்யவில்லை. இரண்டு மூன்று பேட்டர்ன் பையனுக்கு நினைவு வரலாம், அவசரப்படாமல் போட்டுப் பார்க்கட்டும் என்றேன். போன் அவள் பீரோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.